மறுமுனையில் யார்?

இணையத்தோடு இணைந்த கருவி என்றதும் குரல் கேட்டு எரியும் விளக்கும், செல்பேசியிலிருந்தே அணைக்கும் ஏசியும்தான் நினைவுக்கு வருகின்றன. அவை பழுதானால் எழுந்து போய் சுவிட்சைத் தட்டிக்கொள்ளலாம். தூத்துக்குடி மாவட்டத் தருவைகுளத்திலிருந்து, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்குப் போகும் படகில் பொருத்தப்படும் டிரான்ஸ்பாண்டரும் அந்த இனம்தான். அது வேலை செய்யாத இரவில் உயிரே போகலாம்.

கரை மறைந்த கொஞ்ச தூரத்தில் செல்பேசி டவர் கைவிட்டுவிடும். அப்போது டிரான்ஸ்பாண்டர் புளூடூத் வழியே செல்பேசியைத் தன்னோடு இணைத்துக்கொள்கிறது. 'நபமித்ரா' செயலியில் தட்டும் செய்தி, 2015-இல் இஸ்ரோ ஏவிய ஜிசாட்-6 செயற்கைக்கோளுக்கு ஏறி, கரையிலுள்ள கட்டுப்பாட்டு மையத்தில் இறங்குகிறது. புயல் எச்சரிக்கையும், கடல் எல்லை நெருங்குகிறது என்ற தகவலும் அதே வழியில் படகுக்கு வருகின்றன. போவதும் வருவதும் சில வரிகள்தான். ஆனால் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக உருவெடுத்தபோது, முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட குமரி மீனவர்களுக்கு அந்தச் சில வரிகளைச் சேர்க்கக்கூட வழியில்லாமல் போனது. 2019-இல் வந்த ஜெமினி கருவியில் கரை சொல்வதைப் படகு கேட்கலாம். படகால் பதில் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் பால்கரில் தொடங்கிவைத்த திட்டம்தான், 364 கோடி ரூபாயில் 1 லட்சம் படகுகளுக்கு இருவழித் தொடர்பு தருவது.

தூத்துக்குடியில் 1961 வரை முத்துக் குளித்தவர்கள் இடுப்புக் கயிற்றை நம்பியே மூழ்கினார்கள். மேலே கயிறு பிடித்தவர் அசைவை உணர்ந்து இழுத்தால்தான் பிழைப்பு. டிரான்ஸ்பாண்டருக்கும் அப்படித்தான். நள்ளிரவு இரண்டு மணிக்கும் கட்டுப்பாட்டு மையத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் விழித்திருக்க வேண்டும். அபாயச் செய்தி வந்து எத்தனை நிமிடத்தில் மீட்புப் படகு கிளம்பியது என்ற கணக்கை அரசு வெளியிட வேண்டும்.

மீன்பாடு எங்கே என்பது படகை ஓட்டும் ஸ்ராங்கு பல ஆண்டு அலைந்து கண்ட தொழில் ரகசியம். டிரான்ஸ்பாண்டர் வழியே படகு போகும் தடமெல்லாம் கரையில் பதிவாவதை அவர் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயமே. அதே தடம் அவருக்குச் சாட்சியாகவும் நிற்கும். 2023 அக்டோபரில் தருவைகுளம் மீனவர் 12 பேரை மாலத்தீவு கடலோரக் காவல்படை பிடித்தது. இப்படிப் பிடிபடும் படகு வலை வீசத்தான் எல்லை தாண்டியதா, எஞ்சின் பழுதாகி நீவாட்டில், அதாவது கடல் நீரோட்டத்தில், இழுபட்டதா என்பதை நாள், மணியோடு காட்ட அந்தப் பதிவு உதவும். ஆகவே படகு உரிமையாளர் கேட்ட அன்றே அதன் நகலை மீன்வளத் துறை கொடுக்க வேண்டும். வேறு துறை கேட்டால், கொடுக்கும் முன் அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.