"எப்ப வந்தா நல்லம்?" என்று கேட்பவர்களுக்கு

கம்பஸுக்கு வந்த முதல் கிழமையிலேயே அந்தக் கேள்வி வந்துவிட்டது. "நுவரெலியாவா? எப்ப வந்தா நல்லம் மச்சான்?" யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு என்று எல்லா ஊர் நண்பர்களும் கேட்டார்கள். ஹட்டன்காரரோ தலவாக்கலைக்காரரோ, எங்கள் எல்லாருக்கும் இதே கேள்விதான். நாங்களும் கிளிப்பிள்ளை மாதிரி ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு திரிந்தோம்: "ஏப்ரலுக்கு வாங்க, சீசன்." அந்தப் பதிலை இப்போது வாபஸ் வாங்குகிறோம்.

கேட்டதுக்கு முதலில் ஒழுங்காகப் பதில் சொல்லிவிடுவோம். ஜனவரி முதல் மார்ச் வரை வாங்க. மழை குறைவு, வானம் தெளிவு. விடியக்காலையில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி கூட விழும், தடித்த சுவெட்டர் வேணும். சிவனொளிபாத மலை ஏறுகிறவர்களுக்கு டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை பருவம். மே கடைசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரமானால் இடியும் மழையும்.

இதில் ஏப்ரல் எங்கே சிறந்த மாதமாக வந்தது? அது வெள்ளைக்காரன் போட்ட கலண்டர். கொழும்பில் வெக்கை தாங்காமல் 1,800 மீற்றருக்கு மேலே ஏறிவந்த துரைமார், குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கோல்ஃப் என்று இங்கே தங்களுக்கு ஒரு குட்டி இங்கிலாந்தைக் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் போய்விட்டார்கள், சீசன் போகவில்லை. புதுவருச லீவும் அதோடு சேர்ந்துகொண்டது. இப்போது ஏப்ரலில் கிரகரி வாவியைச் சுற்றி ஒருவழிப் பாதை, எங்கே பார்த்தாலும் ட்ராஃபிக், ரூம் வாடகை கண்டபடி ஏறியிருக்கும்.

எங்களுக்கும் ஏப்ரல் சீசன்தான். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிற எங்கள் அண்ணன், அக்காமார் சித்திரைப் புதுவருசத்துக்குத்தான் வீட்டுக்கு வருவார்கள். புறக்கோட்டையில் பஸ்ஸுக்குள் ஏற இடமில்லாமல், ஹட்டன் வரைக்கும் நின்றுகொண்டே வருவார்கள். இந்த சீசனைப் பற்றி எந்த வழிகாட்டியும் எழுதுவதில்லை.

"டூரிசம் இல்லாட்டி உங்க ஆக்களுக்குத்தானே நட்டம்" என்று ஒரு நண்பன் சொன்னான். உண்மைதான். எங்கள் பெடியன்கள் ஹோட்டலில் வேலை செய்கிறார்கள், த்ரீவீல் ஓட்டுகிறார்கள், மரக்கறி விற்கிறார்கள். யாரும் வர வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. "நல்ல காலம்" என்று சொல்கிறபோது அது யாருக்கு நல்ல காலம் என்றுதான் கேட்கிறோம்.

பிப்ரவரி வெயிலைப் பாருங்கள். உங்களுக்கு அது போட்டோவுக்கு ஏற்ற வெயில். அந்த வரட்சியும் குளிர்காற்றும் சேரும்போதுதான் திம்புள்ளைத் தேயிலைக்கு நல்ல வாசம் வரும் என்று வியாபாரிகள் கொண்டாடுவார்கள். அதே வெயிலில் மலையில் கொழுந்து குறையும். குறைந்தால் நாள் முழுக்க நின்றாலும் கேட்ட கிலோ சேராது, அரைப்பேர்தான் விழும், வேலை நாளும் குறையும். மழை வந்தால் கொழுந்து வரும். கூடவே அட்டையும் வரும். இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு அம்மாமார் வழுக்குகிற சரிவில் நிற்பார்கள். பின்னேரம் மடுவத்தில் நிறுக்கும்போது, ஈரக் கொழுந்து என்று தண்ணிக்கும் கிலோ கழிப்பார்கள். நீங்கள் "கிளைமேட் சரியில்லை" என்று ட்ரிப்பைத் தள்ளிப்போடுகிற மாதங்கள் இவை. பிரட்டைத் தள்ளிப்போட யாராலும் முடியாது.

தலவாக்கலைப் பக்கம் சென்.கிளயர் அருவி இருக்கிறது. மேல்கொத்மலை மின்திட்டத்துக்கு ஆற்று நீரைத் திருப்பியபோது அருவி வற்றிவிடும் என்று பெரிய எதிர்ப்பு வந்தது. பகலில் பார்க்கிறவர்களுக்காக ஒரு அளவு தண்ணீர் விடுவதாக ஏற்பாடு செய்தார்கள். பார்க்க வருகிறவர் கண்ணுக்கு அழகு குறையக்கூடாது என்று இந்த நாட்டுக்குத் திட்டம் போடத் தெரியும். நேரம் பார்த்துத் தண்ணீர் திறக்கவும் தெரியும்.

இனி ஒக்டோபருக்கு வருவோம்.

2014 ஒக்டோபர் 29. தீபாவளி முடிந்த அடுத்த கிழமை. பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலை நேரத்தில் மலை இறங்கி லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். சனம் போகவில்லை என்று பிறகு பேசினார்கள். எங்கே போவது? லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், கீழே இருக்கிற மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லாதவர்களிடம் "இடம் மாறுங்க" என்று சொல்வது எச்சரிக்கையா, கைகழுவலா?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மறுபடியும் மலைகள் சரிந்தன. ரோடும் ரயில் பாதையும் உடைந்தன. வீட்டுக்கு கோல் எடுத்தால் லைன் கிடைக்காமல் ஹொஸ்டலில் நாங்கள் முழித்துக் கிடந்தோம். அந்த நாட்களிலும் எங்களுக்கு ஒரு மெசேஜ் வந்தது: "ரோட் எப்ப க்ளியர் ஆகும்? டிசம்பர் ட்ரிப் இருக்கு."

அனுப்பியவன் கெட்டவன் இல்லை. எங்கள் ஊரைப் பார்க்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முறை அது. நாங்களும்தானே சொல்லிக்கொடுத்தோம், "சீசனுக்கு வாங்க" என்று.

சிவப்பு எச்சரிக்கை வந்தால் டூரிஸ்ட் வானைத் திருப்பலாம், புக்கிங்கைக் கான்சல் பண்ணலாம். லயத்து ஆட்கள் ஸ்கூல் மண்டபத்திலோ கோயிலிலோ பாயை விரிப்பார்கள். மழை விட்டதும் அதே லயத்துக்குத் திரும்புவார்கள்.

எங்கள் கோரிக்கை நேரானது. ஏப்ரல் வருகிறது என்றால் பூப்பாத்தி, லைட், ட்ராஃபிக் பிளான், மேலதிக பொலிஸ் எல்லாம் மார்ச்சிலேயே தயார். ஒக்டோபரும் வருசா வருசம்தான் வருகிறது. அதற்கு முன்னால் எந்த லயம் ஆபத்தில் இருக்கிறது, அங்கே இருக்கிறவர்களுக்கு எந்த இடத்தில் காணி, எப்போது உறுதி, எப்போது வீடு என்று ஏன் தயார் இல்லை? எங்கள் ஆட்கள் இந்த மலைக்கு வந்து 200 வருசம் என்று 2023இல் விழா எடுத்தீர்கள், மேடையில் பேசினீர்கள். இந்த ஒரு கலண்டரைப் போட இன்னும் எத்தனை வருசம் வேணும்?

நண்பர்களே, பிப்ரவரியில் வாங்க. எங்கள் வீட்டில் தங்குங்க, ரொட்டியும் கட்டச் சம்பலும் தருவோம். கொழுந்து எடுக்கிறவர்களைப் போட்டோ எடுக்க முன்னால் ஒரு வார்த்தை கேளுங்க. அவர்களும் யாரோ ஒருவருடைய அம்மா. ஒக்டோபரில் மழைச் செய்தி வந்தால் ரோட்டைப் பற்றிக் கேட்க முன்னால், "வீட்டில எல்லாரும் எங்க இருக்காங்க?" என்று ஒரு மெசேஜ் போடுங்க.