பெட்டி புதிது, வேகம்?

கம்பம் பள்ளத்தாக்கு மாணவர்கள் லோயர் கேம்ப் மின் நிலையத்தை அறிவர். பெரியாறு அணை நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, இரும்புக் குழாய்களில் இறங்கி டர்பைன்களைச் சுழற்றுகிறது. அங்கே 35 மெகாவாட் இயந்திரங்களை 42 மெகாவாட்டாகத் திறன் கூட்டினார்கள். ஆனால் வரும் நீர் குறைந்தால் 42 கிடைக்குமா?

'ப்ரோ' என்று பெயர் சூட்டி வரும் விளையாட்டுப் பெட்டியின் கதையும் இதுவே. 2024 நவம்பரில் வெளிவந்த ப்ளேஸ்டேஷன் 5 ப்ரோ, படம் தீட்டுவதில் 45 சதவீதம் வரை வேகமானது என்றது சோனி. அது பொய்யன்று. எனினும் கணக்குப் போடும் மையச் செயலி பழைய வகைதான். மிஞ்சினால் 10 சதவீத வேகம் கூடும். வினாடிக்கு 60 படம் வேண்டுமானால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி வினாடிதான் உண்டு. பந்து எங்கே, எதிரி எங்கே என்று கணக்கிடவே 25 மில்லி வினாடி பிடிக்கிற ஆட்டத்தில் அது 23 ஆகும். 40 படம் 44 ஆகும். அவ்வளவே!

காட்சி துலக்கமாகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்காவில் 700 டாலருக்கு வந்த பெட்டி அது. திராட்சை விற்ற பணத்தை அப்பாவிடம் கேட்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். படத் துல்லியத்தைக் குறைத்து ஆடிப் பாருங்கள். அப்போதும் ஆட்டம் திணறினால், தடை பெரும்பாலும் மையச் செயலியில்தான். புதுப் பெட்டி அதை அதிகம் மாற்றாது.