பெஞ்சில் இருக்கும் பிள்ளைகள்

பெங்களூரிலும் புனேயிலும் குருகிராமிலும் நம் இளைஞர் பலர் ஆலோசனை நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். அப்பணியில் அவர்கள் பெரிதும் விரும்புவது கல்வி. இன்று வங்கி, நாளை மருந்துத் தொழிற்சாலை எனச் சில ஆண்டுகளுக்குள் பல தொழில்களின் உள்ளமைப்பை அறிகின்றனர். அவர்களை வருத்துவதோ உழைப்பின் மிகுதியன்று. விலைபோன நாட்களைக் கொண்டே உழைப்பை அளக்கும் முறை.

ஒரு வாடிக்கையாளரின் பணி முடிந்து அடுத்தது வாராத இடைக்காலத்தைப் 'பெஞ்ச்' என்பர். டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் 2025 ஜூனில் வகுத்த விதிப்படி, ஊழியர் ஆண்டுக்கு 225 நாட்கள் கட்டணம் பெறும் பணியில் இருத்தல் வேண்டும். பெஞ்சுக் காலம் 35 நாட்களைத் தாண்டலாகாது. புதிய பணி வருவது முற்றிலும் ஊழியர் கையில் இல்லை. வாராத பழியோ அவர் தலையில் விழுகிறது.

ஆதலின் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பெஞ்சில் இருப்போர் சோம்பியிருப்போர் அல்லர். புதியன கற்கவும் அடுத்த பணியைத் தேடவும் அவர்களுக்கு அமைதி வேண்டும். "இன்னும் ஒன்றும் வரவில்லையா?" என்று நாள்தோறும் வினவாதிருப்போம். நாட்களை எண்ண அலுவலகம் இருக்கிறது; வீட்டிலும் அக்கணக்கு வேண்டுவதில்லை.