திரும்பி வந்த ஒருவர்



பத்துத் தொழுநோயாளர் நலம் பெற்ற நிகழ்ச்சியை (லூக்கா 17:11-19) நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். திரும்பி வராத ஒன்பது பேரையும் நன்றி கெட்டவர்கள் என்று எண்ணிக் கடந்துசெல்வதே எமது வழக்கம். ஆனால், அந்த ஒன்பது பேரும் செய்த குற்றம்தான் என்ன? குருக்களிடம் சென்று தங்களைக் காட்டும்படி அவர்களைப் பணித்தவர் இயேசுவே. மோசேயின் சட்டமும் அதையே கட்டளையிட்டிருந்தது (லேவியர் 14). அவர்கள் கட்டளைக்குப் பணிந்தார்கள். விதித்த கடமையைச் செய்யப் போனார்கள். ஆயினும், சமாரியர் ஒருவர் மட்டுமே கடவுளைப் புகழ்ந்தபடி திரும்பி வந்து இயேசுவின் காலில் விழுந்தார். உடல்நலம் பத்துப் பேருக்கும் கிடைத்தது. நம்பிக்கையே நலம் தந்தது என்ற ஆண்டவரின் வாழ்த்தோ அந்த ஒருவருக்கு மட்டுமே கிடைத்தது.

கடமையை முடிப்பது வேறு, நன்றி கூறுவது வேறு என்பதை இந்நிகழ்ச்சி எமக்கு உணர்த்துகின்றது. மடு அன்னையின் திருத்தலத்திற்கும் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திற்கும் நாம் நேர்த்தி வைத்துச் செல்கின்றோம். மெழுகுதிரி ஏற்றுகின்றோம், காணிக்கை செலுத்துகின்றோம். இவை போற்றத்தக்க பக்தி முயற்சிகளே. எனினும், நேர்த்திக்கடன் என்னும் சொல்லில் கடன் இருக்கின்றது. கடனைத் தீர்த்தவர் மறுபடியும் கடன் தேவைப்படும் வரை கொடுத்தவரின் வாசலை மிதிப்பதில்லை. இறைவனோடு எமக்குள்ள உறவும் அவ்வாறு ஆகிவிடுகின்றதா? வள்ளுவர் தமது அதிகாரம் ஒன்றிற்குச் செய்ந்நன்றி அறிதல் என்றே பெயரிட்டார். தீர்த்துவிட்டு மறப்பதற்கு உரியதன்று, அறிந்து நெஞ்சில் வைத்திருப்பதற்கு உரியதே நன்றி.

எமது நம்பிக்கையும் நாம் உழைத்துத் தேடியதன்று. கத்தோலிக்க மறை ஒல்லாந்தரால் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், 1687ஆம் ஆண்டு, கோவாவிலிருந்து மாறுவேடத்தில் இத்தீவை வந்தடைந்தார் புனித யோசேவ் வாஸ். யாழ்ப்பாணத்து மக்களிடையே மறைவாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். கண்டியில் உளவாளி எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்டார். பின்னர் அதே கண்டியில் பெரியம்மை பரவியபோது கைவிடப்பட்ட நோயாளரைத் தம் கைகளாலேயே பராமரித்தார். ஞாயிறுதோறும் அச்சமின்றி ஆலயம் செல்லும் நாம், இத்தகையோரின் பாடுகளின் பயனையே அனுபவிக்கின்றோம்.

ஆனால், நன்றி கூறுங்கள் என்னும் அறிவுரை சில இல்லங்களில் புண்ணில் உப்பிடுவதாக இருக்கலாம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை குழந்தைகளைக் கொண்டுசென்ற வீடுகள் உண்டு. 2009இல் முடிந்த போரில் காணாமற்போன பிள்ளையின் படத்தை இன்றும் நெஞ்சோடு அணைத்திருக்கும் தாய்மார் உண்டு. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று ஆலயத்திற்குச் சென்று திரும்பாதவர்களின் குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் போய், எல்லாம் நன்மைக்கே, நன்றி சொல்லுங்கள் என்று கூறுவது நற்செய்தி ஆகுமா?

ஆகாது. புனித பவுல் எந்நிலையிலும் நன்றி கூறும்படி தெசலோனிக்கரைக் கேட்டார் (1 தெசலோனிக்கர் 5:18). தீமையை நன்மை என்று அழைக்கும்படி அவர் கேட்கவில்லை. இலாசரின் கல்லறையண்டை நின்ற இயேசுவைப் பாருங்கள். முதலில் அவர் கண்ணீர் விட்டார். பின்னர், இலாசர் வெளியே வருமுன்பே, தந்தைக்கு நன்றி கூறினார் (யோவான் 11:35-41). அழுத கண்களும் நன்றி கூறிய உதடுகளும் ஒருவருடையவையே. ஆகவே, அழுகின்றவர் நன்றி கெட்டவர் அல்லர். தம்மைத் தந்தை கைவிடவில்லை என்று கண்ணீரின் நடுவே பற்றிக்கொள்வதே அவருடைய நன்றி.

காட்டிக்கொடுக்கப்பட்ட இரவிலும் ஆண்டவர் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார் (1 கொரிந்தியர் 11:23-24). நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் பொருளும் நன்றி செலுத்துதல் என்பதே. ஒவ்வொரு திருப்பலியிலும் குரு நன்றி செலுத்த அழைக்கின்றார். அது தகுதியானது, நீதியானது என்று நாம் விடையளிக்கின்றோம். பழகிய வாய் சொல்லும் அவ்விடையை இதயமும் சொல்ல வேண்டுமல்லவா?

இதற்குப் பயிற்சி தேவை. நாளின் இறுதியில் மனச்சான்றை ஆய்வு செய்வோர் முதலில் பெற்ற நன்மைகளுக்காக நன்றி கூற வேண்டும் என்று கற்பித்தார் புனித இஞ்ஞாசியார். பாவங்களைத் தேடுவது அதற்குப் பின்னரே. மாலைச் செபமாலை முடிந்ததும் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அன்றைய நாளில் பெற்ற ஒரு நன்மையைப் பெயர் சொல்லிக் கூறட்டும். பொதுவாக எல்லாவற்றுக்கும் நன்றி என்று சொல்லி முடித்துவிட வேண்டாம். பெயர் சொல்லும்போதுதான் பெற்றதை அறிகின்றோம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு குடும்பங்களுக்கு மூன்று சொற்களை நினைவூட்டினார்: அனுமதி கேட்டல், நன்றி கூறல், மன்னிப்புக் கேட்டல். அதிகாலையில் எழுந்து சமைக்கும் தாய்க்கு, மனைவிக்கு நாம் கடைசியாக நன்றி கூறியது எப்போது? வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பும் சகோதரனுக்கு, பணம் கேட்பதற்காகவன்றி நலம் கேட்பதற்காகவே எத்தனை முறை தொலைபேசி எடுத்தோம்? கண்கண்ட மனிதருக்கு நன்றி கூறாத நாவு காணாத கடவுளுக்குக் கூறும் நன்றி வெறும் ஓசையாகிவிடும்.

அன்பார்ந்தவர்களே, சமாரியருக்குத் திரும்பி வருவதற்குச் சில அடிகளே தேவைப்பட்டன. நாம் திரும்ப வேண்டிய வாசல் எது, நன்றி கூற வேண்டிய முகம் யாருடையது என்பதை இவ்வாரம் செபத்தில் சிந்திப்போம். அந்த வாசலுக்கு இவ்வாரமே செல்வோம்.

ஆண்டவரே, உம் கையிலிருந்து பெற்றுக்கொண்டு உம்மை மறந்து நடந்துபோகும் எம்மைத் திருப்பியழைத்தருளும். ஆமென்.