உறையூர்ப் பனையும் அரங்கத்துக் கூடையும்

மற்போர் நடக்கிறது. மல்லனோடு மோதுகிறவனுக்கு இது சொந்த ஊரும் இல்லை, சொந்த நாடும் இல்லை. அவன்தான் ஜெயிப்பான் என்று ஒரு கூட்டம் கத்துகிறது. இல்லவே இல்லை என்று இன்னொரு கூட்டம். சிலம்பு ஒலிக்க ஓடிவந்த ஒரு பெண், முழவைப் போல அடி பருத்த பனையில் சாய்ந்து நின்று பார்க்கிறாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது அவன் வெற்றிதான்.

புறநானூற்றின் 85ஆம் பாட்டு இது. பாடியவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். கோழி என்பது உறையூரின் இன்னொரு பெயர். மற்போரிட்ட அந்தச் சோழன், போர்வைக் கோப்பெருநற்கிள்ளி மேல் அவர் கொண்ட ஒருதலைக் காதலுக்கு 83, 84, 85 என்று மூன்று பாட்டுகள் சாட்சி. ஒன்றில் தாய்க்கு அஞ்சுகிறார், ஊர்ச் சபைக்கு நாணுகிறார். இன்னொன்றில், கூழ் குடித்தும் அவன் தோள் எப்படித் திரண்டிருக்கிறது என்று வியக்கிறார். பக்கத்திலேயே இருந்தும் தன் உடம்பில் பசலை பாய்ந்துவிட்டதே என்றும் நோகிறார். ஆசையை இவ்வளவு பச்சையாகச் சொன்ன இந்தப் பெண்ணின் பெயரை இன்று உறையூர்க் கடைத்தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே உறையூரின் திருப்பாணாழ்வாரைத் தெரியாதவர்கள் குறைவு. அதாவது, அவர் கதையை. பாணர் குலத்தவர் என்பதால் திருவரங்கத்தை மிதிக்காமல் காவிரிக் கரையிலேயே நின்று பாடினார். அவர்மேல் கல்லெறிந்த லோகசாரங்க முனிவரே பிறகு அவரைத் தோளில் சுமந்து சந்நிதிக்குள் போனார். கதை இப்படி. ஆனால் அவர் பாடிய அமலனாதிபிரானின் பத்துப் பாசுரங்களில் முனிவரும் இல்லை, தோளும் இல்லை, கல்லும் இல்லை. திருவடியில் தொடங்கி ஆடை, உந்தி, மார்பு, கழுத்து, வாய், கண் என்று ஒருவர் பார்வை மெல்ல மேலேறுகிறது. இதைக் கண்ட கண் வேறொன்றையும் காணாது என்று முடிகிறது. காலம் முழுக்கத் தள்ளி நிறுத்தப்பட்டவர் இத்தனை நெருக்கத்தில் நின்று பார்க்கிறார் என்பதுதான் பாட்டின் அதிர்ச்சி. அதற்கு அற்புதக் கதையின் துணை தேவையில்லை.

தொண்டரடிப்பொடியாழ்வார் விஷயத்தில் நம் அலட்சியம் இன்னும் மோசம். கணிகை தேவதேவி, கோயில் பொன்வட்டில் என்று சினிமா வரைக்கும் போன கதை அது. அவருடைய திருப்பள்ளியெழுச்சியோ விடியற்காலத்தைக் கண்ணால் பார்த்தவர் எழுதியது. இருட்டு விலகும்போது கமுகின் மடல் கீறிப் பாளை மணக்கிறது. எருமை மேய்க்கும் பையன்களின் குழலோசையோடு மாட்டு மணியும் கேட்கிறது. ஈரச் சிறகை உதறிக்கொண்டு அன்னங்கள் எழுகின்றன. பத்தாம் பாசுரத்தில் அவர் தன்னைச் சொல்லிக்கொள்ள எடுத்துக்கொண்ட அடையாளம், துளசி மாலையும் பூக்கூடையும். தோட்டக்காரர், அவ்வளவுதான். திருமாலையில் தனக்கு ஊரில்லை, காணியில்லை, உறவில்லை என்கிறார். அடியவர் என்றால் தாழ்ந்த குலத்தவரானாலும் தொழுங்கள், கொடுங்கள், கொள்ளுங்கள் என்று நான்மறை வல்லோருக்கே அங்கே சொல்கிறார். தினமும் ஓதப்படும் ஊரில் இது எவ்வளவு தூரம் காதில் விழுந்தது என்பது தனிக் கேள்வி.

கதை வேண்டாம் என்று தள்ளிவிடவும் முடியாது. ஆழ்வார்களுக்குக் கதை இருந்தது, கோயில் இருந்தது, ஓதும் வாய்கள் இருந்தன, பாட்டு பிழைத்தது. நக்கண்ணையாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. திருச்சி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பிக்கும்வரை நக்கண்ணையார் ஏட்டில்தான் கிடந்தார். சிக்கல் என்னவென்றால், காப்பாற்றிய கதையே பாட்டை மறைக்கவும் செய்கிறது.

நம் காலத்திலும் இதுவே நடக்கிறது. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியிலிருந்து வந்த சல்மாவின் முதல் தொகுப்பு ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ 2000இல் வெளியானது. வீட்டுக்குள் அடைக்கப்பட்டவர், ஒளிந்து எழுதியவர், பிறகு பேரூராட்சித் தலைவர் ஆனவர் என்று பத்திரிகைகள் எழுதின. 2013இல் ஆவணப்படமும் வந்தது. எல்லாம் உண்மை, எல்லாம் முக்கியம். ஆனால் அந்தப் பேட்டிகளைப் படித்தவர்களில் கவிதைத் தொகுப்பை எடுத்துப் புரட்டியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

கதையைத் தாண்டிப் பாட்டுக்கே போக வழி உண்டு. திருச்சிப் பள்ளிகள் சுற்றுலா என்றால் மலைக்கோட்டை, முக்கொம்பு, மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று பிள்ளைகளை அழைத்துப் போகின்றன. ஒருநாள் விடியுமுன் அம்மா மண்டபம் படித்துறைக்கு அழைத்துப் போய்த் திருப்பள்ளியெழுச்சியை உரையில்லாமல் வாசிக்க வைக்கலாம். எந்தப் பறவை இன்னும் வருகிறது, எது வருவதில்லை, கமுகுத் தோப்பு எங்கே போனது என்று பிள்ளைகளே கணக்கெடுக்கட்டும். மாநகராட்சியும் உறையூரில் ஒரு பூங்காவுக்கோ தெருவுக்கோ நக்கண்ணையார் பெயரை வைக்கலாம். பெயர்ப் பலகையோடு நிறுத்தாமல் அந்த மூன்று பாட்டுகளையும் கல்லில் வெட்டி வைப்பது முக்கியம். பெரிய செலவு ஒன்றும் ஆகாது.