கேடயத்துக்குக் காசிருக்கு, பிள்ளையின் முழங்காலுக்கு இல்லையா?



கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

அண்மையில் மாகாண மட்டப் பட்மின்டன் போட்டிக்கு எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். பெண்கள் ஒற்றையர் ஆட்டத்தில் நம்மூர்ப் பிள்ளை முதல் செட்டை 21-15 என்று எடுத்தாள். இரண்டாவதை 19-21 என்று விட்டாள். மூன்றாவது 8-21. எதிரில் நின்ற பிள்ளைக்கு இவளுடைய கைத்திறமையில் பாதிகூட இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கால் இருந்தது. நம் பிள்ளை நெட்டுக்குப் பக்கத்தில் விழுந்த ஷட்டிலை எட்டி எடுத்துவிட்டு, நிமிர முடியாமல் தொடையில் கையை ஊன்றி நின்றாள். அடுத்த ஷட்டில் அவளுக்குப் பின்னால் போய் விழுந்தது. திரும்பிப் பார்த்தாளே தவிர, போக முடியவில்லை.

வேனில் வரும்போது அழுதாள். "கை சரியாத்தான் சேர் இருந்திச்சி. கால்தான் வரல்ல" என்றாள்.

ஊருக்கு வந்தால் வாட்ஸ்அப் குழுமங்களில் வேறு பேச்சு. ரெக்கட் சரியில்லையாம். நடுவர் பக்கச்சார்பாம். பிள்ளைக்கு மனத்தைரியம் காணாதாம். கோர்ட்டில் நின்ற பிள்ளை தன் தோல்விக்கான காரணத்தை ஆறு சொல்லில் சொல்லிவிட்டாள். கதிரையில் இருந்து பார்த்த நமக்குத்தான் விளங்கவில்லை.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். நம் பிள்ளைகளுக்கு விளையாடத் தெரியும். அந்த விளையாட்டைத் தாங்கும் பலத்தை நாம் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

பட்மின்டன் கையால் விளையாடும் விளையாட்டு என்று நினைக்கிறோம். கோர்ட்டின் நீளம் 13.4 மீற்றர். ஒரு பக்கத்துக்கு 6.7 மீற்றர். ஒற்றையர் ஆட்டத்தில் அகலம் 5.18 மீற்றர். இந்தச் சின்ன இடத்துக்குள் பிள்ளை பாய வேண்டும், ஒற்றைக் காலில் பிரேக் பிடிக்க வேண்டும், அதே காலால் தரையைத் தள்ளி நடுவுக்குத் திரும்ப வேண்டும். ஒரு ஆட்டத்தில் இதை எத்தனை தடவை செய்கிறாள் என்று ஒருநாள் இருந்து எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் உடம்பின் பாரம் முழுவதும் ஒரு முழங்காலில், ஒரு குதிநரம்பில் இறங்குகிறது. ஸ்மாஷும் அப்படித்தான். தரையை உதைக்கும் காலில் தொடங்கும் விசை இடுப்பு, வயிறு, தோள் வழியாக ஏறி, கடைசியில்தான் முன்கைக்கு வருகிறது. கால் செத்துப்போனால் ஸ்மாஷும் செத்துப்போகும். அப்போது பிள்ளை தோளை மட்டும் வைத்து அடிப்பாள். பிறகு தோள் வலிக்கிறது என்பாள். நாம் தைலம் வாங்கிக் கொடுப்போம்.

இதற்கு நாம் கொடுக்கும் பயிற்சி என்ன? மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓடு. அவ்வளவுதான். ஓட்டம் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு ரேலி பெரும்பாலும் பத்து விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு அடுத்த பாய்ச்சல். ஒரே வேகத்தில் அரை மணித்தியாலம் ஓடுவது பாயவும் கற்றுத்தராது, பிரேக் பிடிக்கவும் கற்றுத்தராது. அதற்குத் தசையில் பலம் வேண்டும். பலம் பாரத்தைத் தூக்கியும் தள்ளியும் இழுத்தும்தான் வரும்.

இதைச் சொன்னதும் ஊரில் எழும் பதில்களை நாங்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறோம்.

"பாரம் தூக்கினால் பிள்ளை வளரமாட்டான்." பெற்றோர் சொல்வது போதாதென்று படித்தவர்களும் சொல்கிறார்கள். அமெரிக்கச் சிறுவர் மருத்துவர்களின் சங்கமே இந்த விடயத்தைப் பலமுறை ஆராய்ந்து, முறையான மேற்பார்வையோடு செய்யும் பலப் பயிற்சி வளர்ச்சியைப் பாதிப்பதில்லை என்று சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல், 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடம் உடலை அசைக்க வேண்டும், கிழமையில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் அசைவுகள் அதில் இருக்க வேண்டும் என்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் முதுகில் அத்தனை பாரமான புத்தகப் பையை ஏற்றி ரியூஷனுக்கு அனுப்பும்போது வராத பயம், ஐந்து லீற்றர் தண்ணிப் போத்தலைத் தூக்கும்போது மட்டும் எப்படி வருகிறது?

"தசை வைத்தால் வேகம் போய்விடும்." கட்டுமஸ்தாக உடம்பு ஏற்றுவது வேறு வேலை. அதற்கு வேறு சாப்பாடு, வேறு பயிற்சி, வருடக்கணக்கான உழைப்பு. பருவம் அடையாத பிள்ளைக்குப் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்புகள் தசையைச் சரியாக இயக்கப் பழகுவதால்தான். பெரிய பிள்ளைகளும் கிழமையில் இரண்டு நாள் பயிற்சியால் மல்யுத்த வீரர் ஆகிவிட மாட்டார்கள். பலம் கூடினால் பாய்ச்சலும் கூடும்.

"பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" இந்தக் கேள்விதான் எங்களுக்கு ஆகக் கூடுதலாக வலிக்கிறது. திடீரென்று நின்று திரும்பும் விளையாட்டுகளில் முழங்காலின் உள் இணைப்பு நார் அறுந்துபோகும் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். பலப் பயிற்சியும் சரியாகக் குதித்து இறங்கும் பயிற்சியும் அந்த ஆபத்தைக் குறைக்கும். அப்படியென்றால் பெண் பிள்ளைக்குத்தானே முதலில் வேண்டும்? ஸ்பெயினின் கரோலினா மரின் 2016இல் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 2019இல் ஒரு முழங்கால், 2021இல் மற்றது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் முதல் செட்டை வென்று, இரண்டாவதிலும் முன்னால் நின்றபோது மறுபடியும் முழங்கால் போய், அழுதுகொண்டு வெளியேறினார். பலப் பயிற்சி செய்தால் காயமே வராது என்று நாங்கள் பொய் சொல்லமாட்டோம். ஆனால் அப்படி உழைத்துத் தயாரான உடம்பையே இந்த விளையாட்டு இப்படி உடைக்கிறது என்றால், ஒரு ஸ்குவாட்கூடப் பழகாத நம் பிள்ளையை எந்தத் துணிவில் கோர்ட்டில் இறக்குகிறோம்?

மறைப்பு, ஒழுக்கம் பற்றிக் கேட்பவர்களுக்கும் ஒரு சொல். போட்டிதான் நாலு பேர் பார்க்க நடக்கிறது. பலப் பயிற்சிக்கு ஒரு மூடிய அறையும் ஒரு டீச்சரும் போதும். ஆண் ஒருவரும் உள்ளே வரத் தேவையில்லை. விளையாட்டை விட்ட பிறகும் இந்தப் பலம் வீண்போகாது. எலும்பு உறுதியாகச் சேரும் வயது இந்த வயதுதான். நம் உம்மாமார் எத்தனை பேர் ஐம்பது வயதுக்கு முன்பே ஸுஜூதுக்குப் போக முடியாமல் கதிரையில் இருந்து தொழுகிறார்கள் என்று வீட்டில் பாருங்கள். பலமான முஃமினைப் பற்றிய ஹதீஸை ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டுகிறோம். அதில் பெண்களுக்கு விலக்கு இருப்பதாக நாங்கள் எங்கும் படிக்கவில்லை.

"காசு?" சரி, காசைப் பேசுவோம். நோன்புப் பெருநாள் முடிந்ததும் எத்தனை சுற்றுப்போட்டி? ஒவ்வொன்றுக்கும் புது ஜேர்சி, மின்விளக்கு, ஒலிபெருக்கி, மேடை, அதிதிகளுக்குப் பொன்னாடை, ஆள் உயரத்துக்குக் கேடயம். வெளிநாட்டில் வியர்வை சிந்தும் நம் பிள்ளைகள் அனுப்பும் அனுசரணைப் பணம் அது. பலப் பயிற்சிக்கு என்ன வேண்டும்? தண்ணி நிரப்பிய போத்தல்கள், மணல் நிரப்பிய அரிசி பேக், பழைய சைக்கிள் டியூப், ஒரு படிக்கட்டு, நாலு பாய். ஒரு கேடயத்தின் விலைக்குள் முடிந்துவிடும்.

கிழமையில் இரண்டு நாள், நாற்பது நிமிடம். இடையில் ஒரு நாளாவது ஓய்வு. ஸ்குவாட். காலை அகல முன்வைத்து இறங்கி எழும்பும் லஞ்ச், முன்னுக்கும் பக்கவாட்டுக்கும். படியில் ஒற்றைக் காலில் நின்று குதியை உயர்த்தி இறக்குவது. முழங்காலில் நின்று, ஒருவர் கணுக்காலைப் பிடிக்க, உடம்பை மெதுவாக முன்னால் சாய்ப்பது. புஷ்-அப். டியூபைக் கட்டிவைத்து இழுப்பது. பிளாங்க். பிறகு கொஞ்சம் குதித்து, சத்தம் கேட்காமல் இறங்கப் பழகுவது. எண்ணி எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை, இரண்டு மூன்று சுற்று. முதலில் பாரமே வேண்டாம், முறை சரியாக வரட்டும். இலகுவானதும் கொஞ்சம் ஏற்றுங்கள். மூட்டில் வலித்தால் நிறுத்துங்கள். போட்டிக் கிழமையில் குறையுங்கள். மா டின் எதுவும் தேவையில்லை. முட்டை, மீன், பருப்பு, நேரத்துக்கு நித்திரை போதும்.

எங்கள் பிழையையும் சொல்லிவிடுகிறோம். பிந்தி வந்தால் பத்து புஷ்-அப், வீட்டு வேலை செய்யாவிட்டால் மைதானத்தைச் சுற்றி ஓட்டம் என்று உடற்பயிற்சியைத் தண்டனையாகப் பிள்ளைகளுக்குக் காட்டியது ஆசிரியர்களாகிய நாங்கள்தான். பரீட்சை நெருங்கினால் முதலில் பறிக்கப்படுவதும் உடற்கல்விப் பாடவேளைதான். அதற்கும் நாங்கள் வாய் திறக்கவில்லை. பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

இப்போது கேட்பது பெரிய விடயமில்லை. விளையாட்டுக் கழகங்கள் அடுத்த சுற்றுப்போட்டியில் ஒரு கேடயத்தைக் குறையுங்கள். பழைய மாணவர் சங்கம் மண்டபத்தின் சாவியைக் கிழமையில் இரண்டு பின்னேரம், அஸர் முடிந்ததிலிருந்து மஃரிப் வரை, எங்களிடம் தாருங்கள். ஒன்று பெண் பிள்ளைகளுக்கு, ஒன்று ஆண் பிள்ளைகளுக்கு. அடுத்த நாள் பயிற்சியை வீட்டில் செய்யட்டும். உம்மாமாரே, உங்கள் மகளை அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் வந்து பாயில் இருந்து பாருங்கள்.

அந்தப் பிள்ளை இன்னும் விளையாட்டை விடவில்லை. நேற்றும் வந்து, "எப்ப சேர் தொடங்குற?" என்று கேட்டாள். இன்ஷா அல்லாஹ் என்று சொல்லி அனுப்பினோம். சாவி நம்மில் ஒருவரின் சட்டைப் பையில்தான் இருக்கிறது.