சோதனைக்கும் கூலி உண்டு

கண்டியிலிருந்து திகன வழியாக மகியங்கனைக்குப் போகும் ஏ26 வீதி, ஹுன்னஸ்கிரிய வரை ஏறி, அப்பால் ‘பதினெட்டு வளைவு’ என்று பேர்பெற்ற இறக்கத்தில் இறங்குகிறது. அங்கே கிளச்சை மிதித்துக் கியர் மாற்றும் நேரத்தில் எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும். பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிட விசை ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும். பழைய பெற்றோல் கெப்களில் இந்தக் கோளாறு வந்தால் முதலில் பழி விழுவது ‘ஐட்லிங் வால்வு’ மீதுதான். புதிதாக ஒன்றை வாங்கி மாட்டினால் சரி என்று உடனே தீர்ப்பாகிவிடுகிறது. விசாரணை இல்லாமல் தீர்ப்பு வரக்கூடாது. அந்த விசாரணைக்கு உரிய கூலியை வாகனக்காரர் கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அக்ஸிலேட்டரை மிதிக்காதபோது திரொட்டில் தட்டு மூடிக்கொள்ளும். அப்போது எஞ்சின் மூச்சுவிட ஒரு பக்கவழி உண்டு. கம்பியூட்டரின் கட்டளைப்படி அந்த வழியைக் கூட்டிக் குறைப்பதே இந்த வால்வின் வேலை. ஏசி போட்டுச் சுமை கூடினால் வால்வு சற்றே திறந்து, நிமிடத்துக்கு 700, 800 சுற்றில் எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும். எஞ்சினிலிருந்து திரும்பிவரும் எண்ணெய் ஆவி நாளடைவில் அதன் முனையில் படிவதால், கழற்றிப் பார்த்தால் தார் பூசியதுபோல் கறுத்திருக்கும். உரிய கிளீனர் அடித்து, மெதுவாகத் துடைத்து, புதிய கேஸ்கட் வைத்துப் பூட்டினால் பல வால்வுகள் பிழைத்துக்கொள்ளும். வெடித்த வெற்றிடக் குழாய், அழுக்கேறிய திரொட்டில் தட்டு, அறுந்த வயர் ஆகியவையும் இதே அறிகுறிகளைக் காட்டக்கூடும். ஸ்கேனரில் வரும் பி0505 என்ற குறியீடு ஐட்லிங் கட்டுப்பாட்டில் பிழை இருப்பதை மட்டுமே சொல்கிறது. வால்வு செத்துவிட்டதென்று சொல்வதில்லை.

நம் நாட்டில் இந்த வேறுபாட்டுக்கு விலை அதிகம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில், 2022இல், சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் 360ஐத் தொட்டது. பழைய வண்டிகளையே ஓட்டித் தீர வேண்டிய காலத்தில் ஒவ்வொரு உதிரிப்பாகமும் டொலர் கணக்கில் வந்து சேர்கிறது. தேவையில்லாமல் மாற்றும் வால்வு, ஒரு குடும்பத்தின் பணத்தோடு நாட்டின் அந்நியச் செலாவணியையும் கரைக்கிறது.

கழுவினால் சில மாதம்தானே தாங்கும் என்று கேட்கலாம். உள்ளே சுருள் அறுந்திருந்தால் கழுவிப் பயனில்லை என்பது உண்மை. மல்டிமீட்டர் வைத்தால் அது தெரிந்துவிடும். தெரிந்தபின் தயங்காமல் மாற்றலாம். மரக்கறி ஏற்றும் கெப் அரைநாள் கராஜில் நின்றால் வருமானம் போய்விடாதா என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் காற்று கசிவது குழாயிலிருக்க வால்வை மாற்றினால், அதே கெப் மறுவாரமும் கராஜில்தான் நிற்கும்.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. பாகத்தை மாற்றினால் காசு கொடுக்கிறோம். ஒரு மணிநேரம் குழாய் குழாயாகத் தடவிப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்தவரிடம் “ஒன்றும் மாற்றவில்லையே” என்று பேரம் பேசுகிறோம். அவருடைய அறிவுக்கு விலை வைக்காதவரை, அந்த விலையை அவர் பாகத்தின் மேல்தான் ஏற்றுவார். பில்லில் சோதனைக் கூலி தனி வரியாக வரட்டும். கழற்றிய பழைய பாகம் நம் கைக்கு வரட்டும். அந்த ஒரு வரிக்கு மனமுவந்து பணம் கொடுப்பதே வாகனக்காரருக்குச் சிக்கனம்.